தொற்றுக்காலத்தில் மக்களின் கவலைகளைப் பதிந்து பின்தொடர்வது எப்படி?

கொள்ளைநோய்க் காலத்தில் எத்தனை பேருக்குத் தொற்று, எத்தனை படுக்கை காலி என்ற கணக்கை எடுக்க ஆள் இருக்கும். மக்கள் என்ன கேட்கிறார்கள், எதற்குப் பயப்படுகிறார்கள், எந்த வைத்தியத்தை நம்பி வீட்டிலேயே செய்து பார்க்கிறார்கள் என்ற கணக்கை எடுக்கத்தான் ஆள் இருக்காது. எடுத்தாலும் ‘வதந்தி பரவுகிறது’ என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். உதவி எண் நடத்துபவர்கள், தன்னார்வக் குழுக்கள், மருத்துவமனைத் தகவல் பிரிவினர் ஆகியோர் இந்த வேலையைப் புதிதாக எடுத்துச் செய்யும்போது எங்கெல்லாம் சிக்கிக்கொள்கிறார்கள் என்பதை வைத்து இந்த வழிகாட்டியை எழுதியிருக்கிறோம். இரண்டு பேர், ஓர் எக்செல் தாள், நாளுக்கு மூன்று மணி நேரம் இருந்தால் தொடங்கிவிடலாம்.

1. அறிக்கை யார் கைக்குப் போகிறது?

ஒரு தாளில் மூன்று கேள்விகளுக்குப் பதில் எழுதுங்கள். நீங்கள் தரும் அறிக்கையைப் படிக்கப்போவது யார்? படித்துவிட்டு அவரால் எதை மாற்ற முடியும்? எத்தனை நாளுக்குள் மாற்ற முடியும்?

‘மக்களின் மனநிலையை அறிந்துகொள்வது’ என்று எழுதினால் வேலைக்கு ஆகாது. ‘தடுப்பூசி பற்றிக் கர்ப்பிணிகள் கேட்கும் புதிய கேள்விகளைத் திங்கள்தோறும் கொடுப்பது; புதன்கிழமைக்குள் உதவி எண்ணின் பதில் குறிப்பு திருத்தப்படும்’ என்று எழுதினால் ஆகும். பதில் குறிப்பு, முகாமின் நேரம், அறிவிப்பின் வாசகம் இவற்றில் ஒன்றையாவது மாற்றும் அதிகாரம் உள்ள ஒருவரின் பெயர் தாளில் இல்லையென்றால், தரவு சேகரிப்பதை நிறுத்திவிட்டு முதலில் அவரைப் போய்ப் பாருங்கள். கேட்டுக்கொண்டே இருந்து எதையும் மாற்றாவிட்டால் சொன்னவர்கள் அடுத்த முறை சொல்ல மாட்டார்கள்.

2. காகித வேலை: இதற்குத்தான் நாள் பிடிக்கும்

நான்கு ஆவணங்கள் கையில் இருக்க வேண்டும்.

முதலாவது, நெறிமுறைக் குழுவின் (ஆய்வில் பங்கேற்பவர்களுக்குத் தீங்கு வராதபடி பார்க்கும் குழு) ஒப்புதல், அல்லது ஒப்புதல் தேவையில்லை என்ற விலக்குக் கடிதம். அன்றாடச் சேவையை மேம்படுத்த மட்டும் பயன்படுத்தினால் பல நிறுவனங்கள் விலக்குத் தரும். பின்னால் ஆய்வுக் கட்டுரையாக வெளியிடும் எண்ணம் துளியாவது இருந்தால் முன்கூட்டியே ஒப்புதல் வாங்குங்கள்; பின்தேதியிட்டு யாரும் தர மாட்டார்கள். வழக்கமான பரிசீலனைக்கு வாரக்கணக்கில் ஆகும். அவசரகால விரைவுப் பரிசீலனை இருக்கிறதா என்று கேட்டு, படிவத்தை நோய் அடங்கியிருக்கும் காலத்திலேயே நிரப்பி வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, தரவு தருபவரின் எழுத்துபூர்வ அனுமதி. உதவி எண்ணின் அழைப்புக் குறிப்புகளையோ களப்பணியாளர்களின் நோட்டையோ ‘வாய்மொழியாகச் சொல்லிவிட்டார்’ என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அதிகாரி மாறியதும் அந்த அனுமதியும் போய்விடும்.

மூன்றாவது, ஒரு பக்கத் தரவுப் பாதுகாப்புக் குறிப்பு. யார் பார்க்கலாம், எந்தக் கணினியில் இருக்கும், எந்தத் தேதியில் அழிக்கப்படும் என்று எழுதுங்கள். உடல்நலத் தகவலுக்குச் சட்டங்கள் கூடுதல் பாதுகாப்புக் கோருகின்றன; ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்பு விதிகள் அதைத் தனிப்பிரிவாகவே வைத்திருக்கின்றன. உங்கள் நாட்டின் சட்டம் என்ன சொல்கிறது என்பதைச் சட்டம் தெரிந்த ஒருவரிடம் கேட்டு இந்தக் குறிப்பில் சேர்த்துவிடுங்கள்.

நான்காவதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். ‘அப்பாவுக்கு மூச்சு விட முடியல, யாரும் போனை எடுக்கல’ என்ற பதிவு உங்கள் கண்ணில் பட்டால் என்ன செய்வது என்ற குறிப்பு அது. யார் தொடர்புகொள்வது, எந்த எண்ணைத் தருவது, எத்தனை நிமிடத்துக்குள் என்று எழுதி மேசைக்கு மேலே ஒட்டுங்கள். அந்த வரியைப் படித்துவிட்டு ‘அறிகுறி: மூச்சுத்திணறல்’ என்று பதிந்து நகர்ந்துவிடும்படி யாரையும் வைக்கக் கூடாது.

அனுமதி பற்றி இன்னொன்று. எல்லாரும் பார்க்கும்படி ஒருவர் இணையத்தில் எழுதியதாலேயே அவர் உங்கள் அறிக்கையில் இடம்பெறச் சம்மதித்ததாக ஆகாது. அவர் எழுதிய வாக்கியத்தை அப்படியே வெளியிட்டால், தேடுபொறியில் அதை ஒட்டி யாரும் அவரைக் கண்டுபிடித்துவிடலாம். உள் தாளில் அவர் சொற்களை வைத்துக்கொள்ளுங்கள். வெளியே போகும் அறிக்கையில் வாக்கியத்தை மாற்றி எழுதுங்கள். உறுப்பினர்களுக்கு மட்டுமான குழுக்களில் நோயாளி போலச் சேர்ந்து தரவு எடுப்பது எந்தக் காரணத்துக்காகவும் கூடாது.

3. செலவுக் கணக்கு

மென்பொருளுக்குப் பெரிதாக ஒன்றும் ஆகாது. செலவெல்லாம் மனித நேரம்தான். ஒரு பதிவைப் படித்து, வகை பிரித்து, எழுத ஒரு நிமிடம் என்று கணக்கு வையுங்கள். நாளுக்கு 150 பதிவு என்றால் இரண்டரை மணி நேரம். அதில் ஐந்தில் ஒரு பங்கை, அதாவது 30 பதிவுகளை, இரண்டாமவரும் தனியாகப் பிரிக்க வேண்டும். அதற்கு இன்னும் அரை மணி நேரம். மொத்தம் மூன்று மணி நேரம் ஆகிறது. வார அறிக்கை எழுத ஓர் அரை நாளைத் தனியாக ஒதுக்குங்கள்.

தொலைபேசி அழைப்புகளைப் பதிவுசெய்து முழுவதும் எழுத்தாக்கும் திட்டம் வேண்டாம். ஒரு மணி நேர ஒலியை எழுத ஏறத்தாழ நான்கு மணி நேரம் பிடிக்கும். அழைப்பை எடுப்பவர், பேசியவரின் முக்கியமான ஒரு வாக்கியத்தை அவர் சொன்னபடியே எழுதிவைத்தால் போதும்.

4. குறைந்தது மூன்று வழிகளில் கேளுங்கள்

உதவி எண் அழைப்புகள், களப்பணியாளர்கள் வீடுவீடாகக் கேட்டவை, இணையத்தில் பொதுவெளியில் கேட்கப்படும் கேள்விகள் ஆகிய மூன்றும் சேர்ந்தால் நல்லது. இணையத்தை மட்டும் நம்பினால் முதியவர்கள், சொந்தப் போன் இல்லாத பெண்கள், எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் மூவரும் கணக்கிலிருந்து விழுந்துவிடுவார்கள். தொற்று கடுமையாகத் தாக்குவதும் பல நேரம் அவர்கள் இருக்கும் வீடுகளைத்தான். ஒவ்வொரு வழியிலும் யார் வரவில்லை என்பதை அறிக்கையின் அடியில் ஒரு வரியாக எழுதும் வழக்கத்தை முதல் வாரத்திலேயே தொடங்குங்கள்.

5. சொற்பட்டியல்: தமிழில் இதுதான் கடினமான பகுதி

மருத்துவச் சொற்களை வைத்துத் தேடினால் மருத்துவர்களின் பதிவுகள்தான் கிடைக்கும். ‘மூச்சுத்திணறல்’ என்று எழுதுபவர் குறைவு. ‘மூச்சு வாங்குது’, ‘மூச்சு இழுக்குது’, ‘இழைக்குது’, ‘வீசிங்’, ‘நெஞ்சு அடைக்குது’ என்றுதான் எழுதுவார்கள். நோயின் பெயரே கொரோனா, கரோனா, கொரானா, கோவிட் என்று பலவிதமாக எழுதப்பட்டது. ஆங்கில எழுத்தில் தமிழை எழுதுபவர்களுக்குத் தனிப் பட்டியலே வேண்டும். ஒரே ‘காய்ச்சல்’ என்ற சொல்லை ஆளுக்கொரு எழுத்துக்கூட்டலில் எழுதுவார்கள்.

இன்னொரு பக்கம், பெயரே சொல்லாமல் கேட்பவர்கள் நிறைய. இப்படி ஒரு பதிவு வருவதாக வைத்துக்கொள்ளுங்கள்: ‘ரெண்டு நாளா வாய்க்கு ருசியே இல்ல, சோப்பு வாசனைகூடத் தெரியல, இது அதுவா இருக்குமோ?’ இதில் நோயின் பெயர் இல்லை. ‘அது’ என்ற சொல்லில்தான் பயம் இருக்கிறது. நோயின் பெயரை மட்டும் வைத்துத் தேடினால் இந்தப் பதிவு சிக்காது. இதையே ‘நுகர்வுத்திறன் இழப்பு குறித்த ஐயம்’ என்று மாற்றிப் பதிந்துவிட்டால், நாளைக்குப் பதில் குறிப்பு எழுதுபவருக்கு மக்கள் எப்படிக் கேட்கிறார்கள் என்பது தெரியாமல் போய்விடும். அதனால் எக்செல் தாளில் மூலச் சொற்களுக்கென்று ஒரு பத்தி (நெடுவரிசை) கட்டாயம் வேண்டும்.

கணினித் தேடலில் வரும் தொல்லைகளையும் தெரிந்துகொள்ளுங்கள்.

தமிழ்ச் சொல் வேற்றுமை ஏற்று நீளும்: காய்ச்சலா, காய்ச்சலுக்கு, காய்ச்சலோட. ‘மணம்’ என்று தேடினால் ‘மணத்தை’ கிடைக்காது. எனவே முழுச்சொல் தேடல் உதவாது. அடிச்சொல்லைத் தேட வேண்டும். அடிச்சொல்லைத் தேடினாலோ வேறு சங்கடம். ‘காய்ச்ச’ என்று தேடினால் காய்ச்சிய பாலும் வரும். ‘ஊசி’ என்றால் தையல் ஊசியும் ஊசிப்போன சாப்பாடும் வரும். ‘இரும’ என்று தேடினால் இரும்பும் வந்து நிற்கும். கணினிக்குள் மகரத்துக்குப் பிறகுதான் புள்ளி தனிக்குறியாகச் சேர்கிறது என்பதால் ‘இரும்பு’ என்ற சொல்லின் முதல் பகுதி அப்படியே பொருந்திவிடுகிறது. இப்படி வரும் தவறான சொற்களுக்கு ஒரு விலக்குப் பட்டியல் வைத்துக்கொள்ளுங்கள்.

கணினியில் எழுத்துகளைச் சேமிக்கும் முறையான யூனிகோடிலும் ஒரு பொறி இருக்கிறது. ‘கொ’ என்ற எழுத்தின் ஒகரக் குறியை ஒரே குறியாகவும் சேமிக்கலாம், ஒற்றைக் கொம்பும் காலும் சேர்ந்த இரண்டு குறிகளாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான், தேடலுக்கு வேறு வேறு. ‘கொரோனா’ என்ற சொல்லில் ‘கொ’, ‘ரோ’ என இந்தச் சிக்கல் இரண்டு இடத்தில் வருகிறது. தரவு வந்ததும், இரண்டு வடிவத்தையும் ஒரே வடிவமாக்கும் என்.எஃப்.சி. எனப்படும் ஒருமைப்படுத்தலைச் செய்துவிட்டுத் தேடுங்கள்; பைத்தான் போன்ற நிரல்மொழிகளில் ஒரே வரியில் செய்துவிடலாம். ஔகாரத்தில் பின்குறிக்குப் பதில் ளகரத்தைத் தட்டச்சிடுபவர்கள் உண்டு. அதை இந்த ஒருமைப்படுத்தல் சரிசெய்யாது. கையால்தான் பட்டியலில் சேர்க்க வேண்டும்.

கடைசியாக, பட்டியலில் புதன்கிழமை ஒரு சொல்லைச் சேர்த்தால் புதன்கிழமையே எண்ணிக்கை ஏறும். அதைப் பார்த்துவிட்டுக் கவலை ஏறிவிட்டதாக அறிக்கை எழுதியவர்கள் உண்டு. ஒவ்வொரு மாற்றத்துக்கும் தேதி போட்டு, பழைய தரவிலும் புதிய பட்டியலை ஓட்டிய பிறகே ஒப்பிடுங்கள்.

6. தாளில் என்னென்ன பத்திகள்

எழுதப்பட்ட தேதி, நீங்கள் எடுத்த தேதி, வந்த வழி, மூலச் சொற்கள், வகை, தலைப்பு, தோராயமான பகுதி, ஆபத்து நிலை, செய்யப்பட்டது என்ன. ஒன்பது பத்தி போதும். பெயர், எண், தெரு, படம் எதுவும் வேண்டாம். இணையத்திலிருந்து இறக்கும் தரவில் நேரம் பெரும்பாலும் உலகப் பொது நேரத்தில் இருக்கும். உள்ளூர் நேரத்துக்கு மாற்றாவிட்டால் நள்ளிரவையொட்டிய பதிவுகள் தவறான நாளில் விழும்.

‘வகை’ என்ற பத்தியில் ஐந்தே விடைகள்: கேள்வி, கவலை, நம்பிக்கை அல்லது கேள்விப்பட்ட செய்தி, உடலில் உணர்ந்த அறிகுறி, சேவை பற்றிய குறை. ‘வதந்தி’ என்ற விடையை நாங்கள் வேண்டுமென்றே வைக்கவில்லை. பதிவுசெய்யும் நிமிடத்தில் அது பொய்யா மெய்யா என்று உங்களுக்குத் தெரியாது.

தலைப்புகளைப் பத்துப் பன்னிரண்டோடு நிறுத்துங்கள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரி விளக்கமும், சேரும் உதாரணம் ஒன்றும், சேராத உதாரணம் ஒன்றும் எழுதுங்கள். பிறகு இருவரும் ஒரே 100 பதிவுகளை ஒருவர் விடையை மற்றவர் பார்க்காமல் வகை பிரித்துப் பாருங்கள். தற்செயலாகப் பொருந்துவதைக் கழித்துவிட்டு ஒற்றுமையை அளப்பது கப்பா மதிப்பு. முழுவதும் ஒத்துப்போனால் அது 1. 0.6-க்குக் கீழே இருந்தால் ஆளைக் குறை சொல்ல வேண்டாம், விளக்கத்தைத் திருத்துங்கள். ‘மற்றவை’ என்ற தலைப்பு பத்தில் ஒரு பங்கைத் தாண்டினால் அதற்குள் புதிய தலைப்பு ஒன்று உருவாகிவிட்டது என்று பொருள். வாரம் ஒருமுறை ‘மற்றவை’யை முழுக்கப் படியுங்கள். புதிதாகத் தலைதூக்கும் கவலை முதலில் அங்கேதான் வந்து விழும்.

7. எண்ணும்போது ஏமாறும் இடங்கள்

உதாரணத்துக்கு, போன வாரம் 400 பதிவில் மூச்சு தொடர்பானவை 40. இந்த வாரம் 900 பதிவில் 63. எண்ணிக்கை கூடியிருக்கிறது, பங்கு 10 விழுக்காட்டிலிருந்து 7-க்கு இறங்கியிருக்கிறது. இரண்டையும் சேர்த்துத்தான் காட்ட வேண்டும். மொத்தம் 30-க்குக் கீழே இருந்தால் விழுக்காடே போடாமல் எண்ணை மட்டும் எழுதுங்கள். ஞாயிற்றுக்கிழமை அழைப்பு குறையும், திங்களன்று குவியும். ஏழு நாள் கூட்டாகப் பாருங்கள். வாட்ஸாப்பில் முன்னனுப்பிய ஒரே செய்தி 50 முறை வந்தால் அது 50 பேரின் கவலையாகாது. ஒரு பதிவாக வைத்து, எத்தனை முறை வந்தது என்று பக்கத்தில் குறியுங்கள்.

செய்தியால் ஏறும் ஏற்றத்தை நோயால் ஏறியதாக நினைப்பதுதான் இருப்பதிலேயே பெரிய பொறி. கூகுள் நிறுவனம் 2008-இல் தேடல் சொற்களை வைத்து ஃப்ளூ பரவலைக் கணிக்கும் சேவையைத் தொடங்கியது. 2012-13 பருவத்தில் மருத்துவரிடம் சென்றவர்களின் உண்மை அளவைப்போல ஏறத்தாழ இரு மடங்கைக் காட்டியது. 2015-இல் அந்தச் சேவை நின்றுபோனது. ஊடகப் பரபரப்பால் நோய் இல்லாதவர்களும் தேடியது அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. உங்கள் வரைபடத்தில் ஒவ்வோர் அரசு அறிவிப்பையும், பெரிய செய்தியையும், பிரபலமானவரின் இறப்பையும் தேதியோடு ஒரு கோடாகப் போடுங்கள். கோட்டுக்கு முன்னால் தொடங்கிய ஏற்றத்தைத் தனியாகக் கவனியுங்கள்.

8. எது அவசரம்?

மூன்று கேள்விகள் கேளுங்கள். இதை நம்பி நடந்தால் உடலுக்கு என்ன ஆகும்? எத்தனை வழிகளில் வருகிறது? போன வாரத்தைவிடக் கூடுகிறதா? முதல் கேள்விக்கு ‘உயிர் போகலாம்’ என்பது விடையானால் மற்ற இரண்டையும் பார்க்க வேண்டியதில்லை. 2020-இல் ஈரானில் சாராயம் குடித்தால் தொற்று வராது என்று நம்பி மெத்தனால் கலந்ததைக் குடித்து நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள். இப்படிப்பட்டது ஒரே ஒரு பதிவாக வந்தாலும் அன்றைக்கே பொறுப்பாளரின் கைக்குப் போக வேண்டும். 24 மணி நேரத்துக்குள் உதவி எண்ணில் பதில் தயாராக வேண்டும். நடுத்தரமானவற்றுக்கு மூன்று நாள். தீங்கில்லாத நம்பிக்கைகளைப் பதிந்துவிட்டுக் கவனித்துக்கொண்டிருங்கள். கேள்விப்படாதவர்களிடமும் மறுப்பு வெளியிட்டு அதை நீங்களே பரப்பிவிட வேண்டாம்.

9. தெரியாததைப் பொய் என்று சொல்லாதீர்கள்

மருத்துவரிடம் சரிபார்க்க அனுப்பும்போது மூன்று விடைகள் வைத்திருங்கள்: சரி, தவறு, இன்னும் தெரியாது. மூன்றாவது விடை இல்லாவிட்டால் பெரும்பாலானவை ‘தவறு’ என்றே திரும்பி வரும்.

வாசனை தெரியாமல் போவது கோவிட்டின் அறிகுறியாக இருக்கலாம் என்று காது மூக்கு தொண்டை மருத்துவர்கள் 2020 மார்ச்சிலேயே பிரிட்டனில் பொதுவெளியில் எச்சரித்தார்கள். அந்நாட்டு அதிகாரபூர்வ அறிகுறிப் பட்டியலில் அது சேர்ந்தது மே 18-இல். இடைப்பட்ட வாரங்களில் அந்த அறிகுறியை மட்டும் சொல்லிக் கேட்டவர்களுக்குப் பட்டியலில் இடமில்லை. மாதக்கணக்கில் களைப்பு போகவில்லை என்று நோயாளிகளே எழுதி, ‘நீண்டகாலக் கோவிட்’ என்ற பெயரையும் 2020-இல் அவர்களே வைத்தார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் மருத்துவ வரையறை வந்தது 2021 அக்டோபரில். தடுப்பூசிக்குப் பிறகு மாதவிடாய் தள்ளிப்போனதாகப் பெண்கள் 2021-இன் தொடக்கத்திலிருந்தே சொன்னார்கள். பல இடங்களில் அதை வதந்திக் கணக்கில் சேர்த்தார்கள். 2022 ஜனவரியில் வெளியான ஆய்வு, சராசரியாக ஒரு நாளுக்கும் குறைவான, தற்காலிகமான மாற்றம் இருப்பதைக் காட்டியது. ‘சிறிய மாற்றம் வரலாம், சரியாகிவிடும்’ என்ற பதிலை முன்பே தந்திருந்தால் எத்தனை பேரின் பயம் குறைந்திருக்கும்!

எனவே ஒரே அறிகுறி வெவ்வேறு வழிகளில், ஒருவரையொருவர் அறியாதவர்களிடமிருந்து, வெவ்வேறு சொற்களில் வந்தால் மருத்துவப் பிரிவுக்கு எழுதி அனுப்புங்கள். வெவ்வேறு சொற்களில் வருவது முக்கியம். ஒரே வாக்கியமாக வந்தால் அது முன்னனுப்பிய செய்தியாக இருக்கலாம்; ஆளுக்கொரு விதமாகச் சொன்னால் ஆளுக்கு ஆள் உணர்ந்திருக்கிறார்கள்.

10. அறிக்கையும் அதற்குப் பிறகும்

ஒரே பக்கம், ஒரே கிழமை, ஒரே வடிவம். மேலே இந்த வாரம் புதிதாக வந்த மூன்று கவலைகள். ஒவ்வொன்றின் கீழும் மாற்றி எழுதிய ஓர் உதாரணம், எண்ணிக்கை, யார் என்ன செய்ய வேண்டும் என்ற வேண்டுகோள். அடியில் போன வாரம் கேட்டவை என்ன ஆயின என்ற பட்டியல். அந்தப் பட்டியலில் மூன்று வாரம் தொடர்ந்து ‘நடவடிக்கை இல்லை’ என்று வந்தால் நேரில் போய்ப் பேசுங்கள்.

2018 முதல் 2020 வரை கிழக்குக் காங்கோவில் எபோலா பரவியபோது செஞ்சிலுவைச் சங்கத் தன்னார்வலர்கள் மக்கள் சொன்னதையெல்லாம் தொகுத்தார்கள். உடல் பைகளுக்குள் இருப்பது தங்கள் உறவினர்தானா, உறுப்புகளை எடுத்துவிட்டார்களா என்ற சந்தேகம் திரும்பத் திரும்ப வந்தது. மறுப்பு அறிவிப்பு வெளியிடுவதோடு நிற்காமல், முகம் தெரியும்படி ஒளிபுகும் பைகளைக் கொண்டுவந்தார்கள். சில கவலைகளுக்கு இப்படி நடைமுறையை மாற்றுவதுதான் பதில். உங்கள் வேண்டுகோள்களில் ‘விழிப்புணர்வு ஏற்படுத்த வேண்டும்’ என்பதே நிறைந்திருந்தால் மறுபடி உட்கார்ந்து யோசியுங்கள்.

மாற்றம் நடந்ததும் அதைச் சொன்னவர்களுக்குத் திரும்பத் தெரிவியுங்கள். ‘முகாம் நேரம் மாலைக்கு மாற்றப்பட்டிருக்கிறது, நீங்கள் கேட்டதால்’ என்று உதவி எண்ணின் முதல் வாக்கியமாகவே வைக்கலாம். பதிவுகளைப் படிப்பவர்களைத் தொடர்ந்து இரண்டு வாரத்துக்கு மேல் அந்த வேலையில் வைக்காமல் சுழற்சியில் மாற்றுங்கள். நாள் முழுக்க மரணச் செய்திகளைப் படிப்பவருக்குத் தூக்கம் போய்விடும்.

11. எப்போது நிறுத்துவது?

அவசரநிலை முடிந்துவிட்டதாக அறிவித்த நாளில் நிறுத்த வேண்டாம். உலக சுகாதார நிறுவனம் கோவிட் அவசரநிலையை 2023 மே 5 அன்று முடித்துவைத்தது. நீண்டகாலக் களைப்பு பற்றிய கேள்விகள் அதற்குப் பிறகும் வந்துகொண்டிருந்தன. அழைப்புகள் குறையக் குறைய நாள்தோறும் பதிவதை வாரம் ஒருமுறையாக்கி, நான்கு வாரம் தொடர்ந்து புதிய தலைப்பு எதுவும் வராதபோது மூடுங்கள். பாதுகாப்புக் குறிப்பில் எழுதிய தேதியில் மூலச் சொற்கள் உள்ள தாளையும் அதன் நகல்களையும் அழித்து, அழித்ததற்கு இருவர் கையெழுத்திட்ட குறிப்பைக் கோப்பில் வையுங்கள். மடிக்கணினியிலும் மின்னஞ்சல் இணைப்பிலும் தங்கிவிட்ட நகல்களை மறக்காதீர்கள். சொற்பட்டியல், விலக்குப் பட்டியல், தலைப்பு விளக்கங்கள், வார அறிக்கைகள் ஆகிய நான்கையும் அடுத்த குழுவுக்கு எடுத்து வையுங்கள்.